கோடைகால ஆய்வு வாய்ப்பும் திருகோணமலை மாணவரும்

கோடைகால ஆய்வு வாய்ப்புகளைப் பற்றி என்னிடம் விசாரிக்கும் கணினி விஞ்ஞான மாணவர்களில் பெரும்பாலோர் சித்திரைப் புத்தாண்டு முடிந்த பின்னரே வருகிறார்கள். அப்போது கச்சான் காற்று வீசத் தொடங்கியிருக்கும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளின் நடமாட்டம் கூடியிருக்கும். மாணவர்களும் வரப்போகும் விடுமுறையைப் பயனுள்ளதாகக் கழிக்க வேண்டும் என்ற உண்மையான ஆர்வத்தோடுதான் வந்திருப்பார்கள். ஆனால் சுவிட்சர்லாந்தின் பெரிய ஆய்வுக்கூடங்கள் அந்தக் கோடைக்கான விண்ணப்பங்களை முந்திய நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையிலேயே வாங்கி முடித்திருக்கும். வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதும் கூகுள் சம்மர் ஒஃப் கோட் திட்டத்தின் விண்ணப்பக் காலமும் மார்ச்சில் தொடங்கி ஏப்ரல் முற்பகுதிக்குள் முடிந்திருக்கும். ஆகவே இந்த விடயத்தில் அக்கறை உள்ள மாணவர் எவரும் மாரிகாலத்திலேயே, மழை விடாமல் கொட்டிக்கொண்டிருக்கும் நாள்களிலேயே, வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இம்முறை எல்லோருக்குமாக எழுதிவைக்கிறேன்.

கோடைகாலப் பள்ளி வேறு, கோடைகால ஆய்வுப் பயிற்சி வேறு. முன்னதில் மாணவர் கட்டணம் செலுத்தி ஓரிரு வாரங்கள் விரிவுரைகளைக் கேட்டுச் சான்றிதழ் பெறுகிறார். பின்னதில் ஓர் ஆய்வுக்குழுவில் இரண்டு மூன்று மாதங்கள் உறுப்பினராக இருந்து, ஒரு பேராசிரியரின் அல்லது முதுநிலை ஆய்வு மாணவரின் வழிகாட்டலில், இன்னும் விடை தெரியாத ஒரு கேள்வியின் சிறு பகுதியில் வேலை செய்கிறார். அதற்காக அவருக்கு உதவித்தொகை வழங்கப்படுகிறது. இந்த வேறுபாடு தெரியாத பிள்ளைகளின் ஆர்வத்தை வைத்துப் பணம் பண்ணும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்துக் குடும்பமொன்று, நகை அடகு வைத்த பணத்தை, இணையவழியில் மூன்று வாரம் நடந்த ஒரு வகுப்புக்கு ‘சர்வதேச ஆய்வுப் பயிற்சி’ என்ற பெயருக்காகக் கொடுத்ததை நான் அறிவேன். ஆய்வு செய்ய வருபவரிடம் ஆய்வுக்கூடம் பங்கேற்புக் கட்டணம் கேட்பதில்லை. பணம் அனுப்பச் சொல்லும் மின்னஞ்சல் வந்தால், அதற்குப் பதில் எழுதுமுன் துறை விரிவுரையாளர் ஒருவரிடம் காட்டுங்கள்.

எங்களுக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை பல்கலைக்கழகங்களுக்கு விடுமுறை என்பதால் இந்தத் திட்டங்கள் அந்த மாதங்களில் அமைந்திருக்கின்றன. இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கு அப்படியொரு நிலையான கோடை விடுமுறை கிடையாது. கொவிட் முடக்கம், 2022 இன் பொருளாதார நெருக்கடி, 2024 இல் கல்விசாரா ஊழியர்களின் நீண்ட பணிநிறுத்தம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் பருவ அட்டவணைகள் இடம் மாறிப்போயின. ஒரே வளாகத்தில் ஓர் அணிக்குப் பரீட்சை நடக்கும்போது இன்னோர் அணிக்கு விரிவுரை தொடங்குகிறது. இதற்காக மாணவர் மனம் தளரத் தேவையில்லை. விண்ணப்பிக்குமுன் துறைத் தலைவரைச் சந்தித்து, அந்த மாதங்களில் பரீட்சை வருமா, வந்தால் என்ன ஏற்பாடு செய்யலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். திகதியை ஓரளவு மாற்றிக்கொள்ளக்கூடிய திட்டங்களும் உள்ளன. சவூதி அரேபியாவின் கிங் அப்துல்லா விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நடத்தும் வருகைதரு மாணவர் ஆய்வுத் திட்டம் மூன்று முதல் ஆறு மாதங்கள் நீடிப்பது. ஆண்டின் எந்தப் பகுதியிலும் அதில் சேரலாம். உதவித்தொகையோடு தங்குமிடமும் விமானப் பயணச்சீட்டும் தருகிறார்கள். உயர்ந்த புள்ளிச் சராசரி கேட்பார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஜப்பானின் ஒகினாவா விஞ்ஞான தொழில்நுட்பப் பட்டப்பின் பல்கலைக்கழகமும் கோடைக்கு மட்டும் என்று கட்டுப்படாமல் ஆய்வுப் பயிற்சி மாணவரைச் சேர்த்துக்கொள்கிறது.

எங்களுக்குத் திறவாத கதவுகளையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது, ஏனெனில் அவற்றைத் தட்டுவதிலேயே பல மாணவர்களின் நேரம் போய்விடுகிறது. அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான மன்றம் இளநிலை மாணவருக்காக நடத்தும் ஆய்வனுபவத் திட்டம் இணையத்தில் தேடியவுடன் முதலில் வந்து நிற்கும். ஆனால் அதன் நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கு நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே உரியது. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் நடத்தும் ரைஸ் திட்டம் வட அமெரிக்கா, பிரித்தானியா, அயர்லாந்து மாணவர்களுக்கானது. அதே அமைப்பின் வைஸ் திட்டம் இந்தியக் கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களுக்கானது. கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க் பன்னிரண்டு வார ஆய்வுப் பயிற்சியை வழங்கும் நல்ல திட்டமே என்றாலும், மாணவர் படிக்கும் நாடு அவர்களுடைய பட்டியலில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு நண்பர்கள் பரிந்துரைக்கும் இந்திய விஞ்ஞானக் கழகங்களின் கோடைகாலப் புலமைப்பரிசிலும் அங்குள்ள மாணவரையும் ஆசிரியரையும் மனத்தில் வைத்து அமைந்தது. தகுதி விதிகளைத் தாண்டி எழுதப்பட்ட விண்ணப்பத்தை, எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், யாரும் வாசிக்கப் போவதில்லை.

இனித் திறந்திருக்கும் கதவுகள். சூரிக்கிலுள்ள ஈ.டி.ஹெச். பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறையும், லோசானிலுள்ள ஈ.பி.எஃப்.எல். பல்கலைக்கழகத்தின் கணினி, தொடர்பாடல் விஞ்ஞானப் பீடமும் ஆண்டுதோறும் உலகின் எந்த நாட்டிலிருந்தும் இளநிலை, முதுநிலை மாணவர்களைக் கோடைக்கு அழைக்கின்றன. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுமையத்தின் ஓப்பன்லேப் திட்டம் ஒன்பது வாரங்கள் நீடிப்பது. பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகளை முடித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. துகள் இயற்பியல் படித்தவர்களுக்கு மட்டுமே அங்கே இடம் என்று எங்கள் மாணவர் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே குவியும் தரவைச் சேமிப்பது, கணிப்பது, வலையமைப்பில் கொண்டு செல்வது யாவும் கணினி விஞ்ஞானிகளின் வேலை. ஓப்பன்லேப் அவர்களுக்காகவே உள்ளது. ஒஸ்திரியாவின் விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவனம், ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் மென்பொருள் அமைப்புகள் நிறுவனம், சிங்கப்பூரின் ஏ-ஸ்டார் நிறுவனம் ஆகியவையும் நாட்டெல்லை பாராமல் மாணவரைச் சேர்ப்பவையே. போட்டி கடுமையானது. உலகெங்குமிருந்து வரும் விண்ணப்பங்களிலிருந்து சிலரைத்தான் எடுப்பார்கள் என்பதை அறிந்தே விண்ணப்பிக்க வேண்டும்.

பயணமே வேண்டாத வாய்ப்புகளும் உண்டு. எங்கள் பிள்ளைகள் பலருக்கு முதற்படியாக நான் சொல்வது இவற்றைத்தான். கூகுள் சம்மர் ஒஃப் கோட் 2005 இல் தொடங்கியது. திறந்த மூல மென்பொருள் (நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்) அமைப்பொன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் வழிகாட்டி ஒருவரோடு சேர்ந்து, ஏறத்தாழ 90, 175 அல்லது 350 மணிநேரத்தில் முடியக்கூடிய ஒரு வேலையை வீட்டிலிருந்தே செய்து முடிப்பதுதான் அதன் அமைப்பு. 2022 முதல் மாணவர் அல்லாத தொடக்கநிலையாளரும் சேரலாம். அதன் முதல் பத்தாண்டுகளில் உலகிலேயே மிக அதிக மாணவரைப் பங்கேற்கச் செய்த பல்கலைக்கழகம் எங்கள் நாட்டின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். இதை நான் ஒவ்வோர் அணியிடமும் சொல்வதுண்டு, ஏனெனில் இலங்கையிலிருந்து உலகத் தரத்தில் வேலை செய்ய முடியுமா என்ற ஐயத்துக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது. மொறட்டுவையில் ஒருவர் தேர்வானால் அவர் அடுத்த அணிக்கு வழி காட்டினார். அந்த அணி அதற்கடுத்த அணிக்குக் காட்டியது. எங்களிடம் இன்னும் உருவாகாதது அந்தச் சங்கிலிதான்.

அவுட்ரீச்சி என்ற திட்டம் ஆண்டுக்கு இருமுறை, மே, ஜூன் அளவிலும் டிசம்பரிலும் தொடங்கும் மூன்று மாதப் பயிற்சியாக நடக்கிறது. தொழில்நுட்பத் துறையில் போதிய இடம் கிடைக்காத சமூகங்களைச் சேர்ந்தவர்களுக்காகவே அது ஏற்படுத்தப்பட்டது. எந்த நாட்டிலிருந்து வேலை செய்தாலும் உதவித்தொகை 7,000 டொலர். எங்கள் வகுப்புகளில் படிக்கும் பெண் பிள்ளைகள், சிறுபான்மைச் சமூகத்து மாணவர்கள் இதைக் கட்டாயம் வாசித்துப் பார்க்க வேண்டும். விண்ணப்பத்தின் முதற்பகுதியில், தம் நாட்டின் கல்வியிலும் தொழிலிலும் தாம் சந்தித்த பாகுபாடு என்ன என்று எழுதக் கேட்பார்கள். அதை வெட்கப்படாமல், மிகைப்படுத்தாமல், நடந்ததை நடந்தபடி எழுதினாலே போதும்.

திறந்த மூலப் பணிக்கும் ஆய்வுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு நான் சஹானாவை நினைவூட்டுவேன். 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கி வந்தபோது எங்கள் கரை என்ன பாடுபட்டது என்பது இங்கே எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காணாமற்போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த உதவி எங்கே போய்ச் சேர்ந்தது என்று கண்டறிய வழியில்லாமல் நாடு தவித்த வாரங்களில், இலங்கை மென்பொருள் வல்லுநர்கள் தொண்டர்களாகச் சேர்ந்து எழுதிய அனர்த்த முகாமைத்துவ மென்பொருள்தான் சஹானா. 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2010 இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுக்காக வழங்கும் விருதையும் 2006 ஆம் ஆண்டுக்குப் பெற்றது. பின்னர் சம்மர் ஒஃப் கோட் திட்டத்தில் வழிகாட்டும் அமைப்பாக இருந்து பிறநாட்டு மாணவர்களையும் பயிற்றுவித்தது. தொடர்பு அறுந்த இடத்தில் தரவை எப்படி ஒத்திசைப்பது, ஒரே ஆளின் பெயர் மூன்று மொழிகளில் மூன்று விதமாகப் பதிவானால் அவர் ஒருவரே என்று எப்படி அறிவது என்பன போன்ற கேள்விகள் அங்கே எழுந்தன. அவை இன்றும் நல்ல ஆய்வுக் கேள்விகளே.

ஒரு விண்ணப்பத்தைத் தூக்கி நிறுத்துவது எது? பெறுபேறு முக்கியம்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த நாட்டு மாணவரும் நல்ல பெறுபேற்றோடுதான் வருகிறார். தெரிவுக்குழுவுக்கு எங்கள் வளாகத்தின் பெயரோ அதன் புள்ளியிடும் முறையோ பழக்கமில்லாதவை. அந்த நிலையில், அவர்கள் தாமே திறந்து பார்த்துச் சரிபிழை சொல்லக்கூடிய ஒரு வேலை மாணவரின் பெயரில் இருந்தால், அதுதான் பேசும். அந்த வேலை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. எந்த அளவுக்குச் சிறிதாக இருக்கலாம் என்பதை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன்.

மூதூரைச் சேர்ந்த மூன்றாமாண்டு மாணவர் ஒருவர், “சேர், ஆய்வு என்று சொல்லும் அளவுக்கு எனக்கு ஒன்றும் தெரியாதே” என்று சொல்லிக்கொண்டுதான் என்னிடம் வந்தார். ‘நூலகம்’ என்ற இணைய எண்ணிம நூலகத்தில் மின்வருடி வைத்திருக்கும் பழைய இலங்கைத் தமிழ் இதழ்களின் சில பக்கங்களை எடுத்து, டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருளில் (பக்கத்தின் படத்தைப் பார்த்து எழுத்துகளாக்குவது) கொடுத்து, வரும் பிழைகளை மட்டும் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள் என்றேன். டெசராக்ட் 1980களில் ஹியூலட் பக்கார்ட் நிறுவனத்தில் தொடங்கி 2005 இல் திறந்த மூலமாக்கப்பட்டது, தமிழையும் வாசிக்கும், யாரும் காசில்லாமல் நிறுவிக்கொள்ளலாம். அவர் கொண்டுவந்த பக்கங்களில் பெரும்பாலும் எதிர்பார்த்த பிழைகளே இருந்தன. பழைய அச்செழுத்தில் ‘ர’ என்ற எழுத்தும் ‘ா’ என்ற காலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், மென்பொருள் ஒன்றை மற்றதாக வாசித்திருந்தது. ‘கோணேசர்’ என்ற சொல் ‘கேரணேசர்’ ஆகியிருந்தது.

இந்தப் பிழையின் அளவு என்ன என்று கேட்டபோதுதான் விடயம் சுவையானது. எழுத்துணரிகளை மதிப்பிடும்போது, சரியான சொல்லாக மாற்ற எத்தனை திருத்தங்கள் வேண்டும் என்று எண்ணி, அதைச் சொல்லிலுள்ள மொத்த எழுத்துகளால் வகுப்பார்கள். நாம் பள்ளியில் எண்ணுவதுபோல் எண்ணினால் கோ, ணே, ச, ர் என்று நான்கு எழுத்துகள், ‘கோ’வைக் ‘கே’யாக்கி ஒரு ‘ர’வை நுழைத்திருப்பதால் பிழைகள் இரண்டு, ஆகவே பிழை வீதம் நூற்றுக்கு 50. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் குறிகளாக எண்ணினால் ‘கோ’ என்பது ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு, முழுச் சொல்லுக்கும் ஏழு, பிழைகள் அப்போதும் இரண்டு, வீதம் 28.6. ஆனால் யூனிகோட் விதிப்படி ஓகாரக் குறியை ‘ே’ என்றும் ‘ா’ என்றும் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். அப்படிப் பிரித்து எண்ணினால் சொல்லில் எட்டுக் குறிகள், பிழையோ கால் ‘ர’ ஆன ஒன்றே ஒன்று, வீதம் 12.5. ஒரே பக்கம், ஒரே மென்பொருள், ஒரே பிழை. ஒருவர் 12.5 என்று அறிக்கை எழுத, இன்னொருவர் 50 என்று எழுதலாம், இருவரும் பொய் சொல்லவில்லை.

அந்த மாணவர் இதைப் பல பக்கங்களுக்குச் செய்து, மூன்று விதமான எண்ணிக்கைகளையும் ஓர் அட்டவணையில் வைத்து, கணிக்கும் பைத்தன் நிரலை, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றி, எந்த அலகில் எண்ணினோம் என்பதைத் தமிழ் எழுத்துணரி பற்றிய கட்டுரைகள் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றும் எழுதினார். அதற்குச் சக்திவாய்ந்த கணினியோ ஆய்வுகூடமோ தேவைப்படவில்லை. தேவைப்பட்டவை தமிழ் எழுத்துத் தெரிந்த கண், பொறுமை, எண்ணிப் பார்க்கும் நேர்மை ஆகியவையே. அடுத்த மாரியில் அவர் எழுதிய விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் முதற்பந்தி இதைப் பற்றியதாகவே இருந்தது. ஐரோப்பிய ஆய்வுக்குழு ஒன்று நேர்முகத்துக்கு அழைத்தபோது, உரையாடலின் பெரும்பகுதி அந்த அட்டவணையைச் சுற்றியே நடந்தது என்று பின்னர் சொன்னார்.

பேராசிரியர்களுக்கு நேரடியாக எழுதும் மின்னஞ்சலுக்கும் இதே அளவுகோல்தான். “நான் இலங்கை மாணவன், உங்கள் ஆய்வு உலகப் புகழ் வாய்ந்தது, செயற்கை நுண்ணறிவில் எனக்குப் பேரார்வம், தயவுசெய்து ஒரு வாய்ப்புத் தாருங்கள்” என்ற வகையில் நாற்பது பேருக்கு ஒரே நாளில் அனுப்பப்படும் கடிதம் எங்கே போய்ச் சேரும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். அதற்குப் பதிலாக மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரின் அண்மைக் கட்டுரை ஒன்றை, குறிப்பாகச் சோதனைப் பகுதியை, இரண்டு முறை வாசியுங்கள். அவர்கள் நிரலை வெளியிட்டிருந்தால் அதை ஓட்டிப் பாருங்கள். பிறகு, எந்தக் கட்டுரையை வாசித்தேன், அதில் எந்த அட்டவணையை மீண்டும் செய்து பார்த்தேன், என் முடிவு எங்கே ஒத்தது, எங்கே ஒக்கவில்லை, அதைத் தொடர எனக்கு எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை நேரம் உண்டு என்று ஐந்தாறு வாக்கியங்களில் எழுதுங்கள். பதில் வராமல் போகலாம். வரும் பதில்கள் வருவது இப்படிப்பட்ட கடிதங்களுக்கே. கட்டுரைகளைப் பெறப் பணம் தேவையில்லை; கணினி விஞ்ஞானத்தில் பல ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் கிடைக்கின்றன, மொழித் தொழில்நுட்பக் கட்டுரைகள் பெரும்பாலும் ஏ.சி.எல். ஆவணத் தொகுப்பில் இலவசம்.

விண்ணப்பக் கடிதத்தைச் செயற்கை நுண்ணறிவு உரையாடு செயலியிடம் எழுதி வாங்கி அனுப்பும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. இலக்கணத்தைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு ஆங்கில மொழிமூலத்தில் பட்டப்படிப்பைத் தொடரும் பிள்ளையின் நேரடியான, சிறிய வாக்கியங்களில் தெரியும் தெளிவு, செயலி தரும் அலங்காரத்தில் கரைந்துபோகிறது. என்ன செய்தேன், என்ன கண்டேன் என்பதை எழுத எளிய ஆங்கிலமே போதும்.

உள்நாட்டிலேயே ஆய்வு செய்வதைக் கைக்குக் கிடைத்த மாற்றாக மட்டும் கருதக் கூடாது. மொறட்டுவையிலும் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியிலும் தமிழ், சிங்கள மொழித் தொழில்நுட்பத்தில் தொடர்ச்சியாக வேலை செய்யும் குழுக்கள் இருக்கின்றன. தரவைச் சரிபார்க்கத் தமிழ் நன்கு தெரிந்த மாணவர் இப்படிப்பட்ட குழுக்களுக்கு எப்போதும் தேவை. அத்தோடு, திருகோணமலைக்கு வேறு எந்த ஊருக்கும் எளிதில் கிடைக்காத ஒரு வளம் உண்டு: தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் ஒரே வகுப்பில் அருகருகே இருக்கிறார்கள். ஒரு மொழிபெயர்ப்பு வாக்கியத்தை இரு மொழியாளரும் சேர்ந்து உட்கார்ந்து சரிபார்க்கவும், ஒரே இடப்பெயர் இரு மொழிகளிலும் எப்படி எழுதப்படுகிறது என்று தொகுக்கவும், கிண்ணியாத் தமிழுக்கும் தம்பலகாமத்துத் தமிழுக்கும் உள்ள வேறுபாட்டைப் பேச்சை எழுத்தாக்கும் பேச்சுணரி எப்படிக் கையாள்கிறது என்று சோதிக்கவும் இங்கே ஒரு பிற்பகல் போதும். பெரிய ஆய்வுக்கூடம் ஒன்று இதற்கு ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும். திராவிட மொழிகளுக்கான பேச்சு, மொழித் தொழில்நுட்பப் பயிலரங்கு 2021 முதல் பொதுப் போட்டிப் பணிகளை நடத்தி வருகிறது. தரவை அவர்களே தருகிறார்கள், பங்குபற்றியவர் தம் முறையை விளக்கிக் கட்டுரையும் எழுதலாம். முதல் ஆய்வுக் கட்டுரை எழுதப் பழகுவதற்கு இது மிகப் பொருத்தமான இடம். கணிப்பு வசதிக்குக் கூகுள் கோலாப், காகிள் ஆகியவற்றின் இலவசப் பங்கு தொடக்கநிலைக்குத் தாராளமாகப் போதும். டேட்டா செலவுதான் உண்மையான தடை; ஆகவே பெரிய தரவுத் தொகுதிகளை வளாகத்து இணைப்பிலேயே ஒருமுறை இறக்கி, எல்லோரும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

சிபாரிசுக் கடிதம் பற்றி விரிவுரையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. “ஒழுக்கமானவர், வகுப்புக்கு ஒழுங்காக வருபவர்” என்ற கடிதம் எங்கள் ஊரில் வேலைக்கு உதவலாம்; ஆய்வுக்கூடத்துக்கு அது எதையும் தெரிவிப்பதில்லை. மாணவர் எந்தச் சிக்கலில் முட்டிக்கொண்டார், அதிலிருந்து எப்படி மீண்டார் என்று ஒரு பந்தி எழுதினால் போதும். அப்படி எழுத வேண்டுமென்றால் மாணவரும் விரிவுரையாளரோடு சேர்ந்து எதையாவது செய்திருக்க வேண்டும் என்பதால், கடைசித் திகதிக்கு முதல்நாள் வட்ஸ்அப்பில் கேட்பது இருவருக்கும் பயனில்லை. பெறுபேற்றுத் தாளின் ஆங்கிலப் பிரதிக்கும் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்; அது கைக்கு வர வாரங்கள் ஆகலாம்.

கடவுச்சீட்டையும் இடம் கிடைத்த பிறகு எடுக்கலாம் என்று விட்டுவைக்காதீர்கள். கொழும்புக்குப் போக முடியாதவர்களுக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு. பணம் கைக்கு வரும் முறையையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பல இடங்களில் உதவித்தொகை மாத முடிவில்தான் வரும்; பயணச் செலவை மாணவர் முதலில் போட்டுப் பின்னர் மீளப் பெற வேண்டியிருக்கும். மஹாபொல உதவித்தொகையை நம்பிப் படிக்கும் பிள்ளைக்கு ஐரோப்பிய விமானச்சீட்டின் விலை என்பது குடும்பத்தின் பல மாத வருமானம். பயணச்சீட்டை நீங்களே நேரடியாக எடுத்துத் தர முடியுமா என்று அழைக்கும் நிறுவனத்திடம் கேட்பதில் தவறில்லை. அது பிச்சையும் அல்ல, பலரும் கேட்பதுதான், பல நிறுவனங்கள் இணங்குவதும் உண்டு.

பெற்றோரிடம் முன்கூட்டியே பேசுங்கள். குச்சவெளியிலிருந்து வந்த ஒரு தாயார் என்னிடம், “மகளுக்குச் சம்பளம் தருவார்களாம், அப்படியென்றால் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாளா சேர்?” என்று கேட்டார். அவருடைய அச்சம் முற்றிலும் நியாயமானது. முன்பின் தெரியாத நாட்டுக்கு, தெரியாத ஆட்களை நம்பி ஒரு பிள்ளையை அனுப்பச் சொல்கிறோம். அழைப்புக் கடிதத்தை வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டி, எங்கே தங்குவார், யார் பொறுப்பு, என்றைக்குத் திரும்புவார், பட்டப்படிப்பு எப்படித் தொடரும் என்று சொன்ன பிறகு அவர் கேட்ட அடுத்த கேள்வி, குளிருக்கு என்ன உடுப்பு வாங்க வேண்டும் என்பது. அனுப்ப மனமில்லாத குடும்பங்களும் இருக்கும். அங்கே வற்புறுத்தாமல், வீட்டிலிருந்தே செய்யும் திட்டங்களிலிருந்து தொடங்கலாம்.

இந்த ஒக்டோபரிலிருந்து சனிக்கிழமைப் பிற்பகல்களில் உவர்மலையில் எங்கள் வீட்டு முன்மண்டபத்தில் ஆய்வுக் கட்டுரை வாசிப்பு ஒன்றைத் தொடங்குகிறேன். எந்த ஆண்டு மாணவரும் வரலாம், தமிழிலோ ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ பேசலாம். முதல் நாளுக்கு வருபவர்கள் தமக்குப் பிடித்த ஒரு கட்டுரையைத் தெரிவுசெய்து, அதன் சோதனைப் பகுதியை வாசித்து, அதில் விளங்காத ஒரு வரியைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். அந்த வரிகளிலிருந்து தொடங்கி, டிசம்பருக்குள் ஒவ்வொருவரும் கிட்ஹப்பில் ஒரு சிறு வேலையை ஏற்றிவிடுவதே இந்தப் பருவத்துக்கான ஏற்பாடு.